ஓவியர் பணிக்கரும் கிரகித்தல் வினாக்களும்

மொழிப் பாடத்தில் மாணாக்கர் எளிதென்று கருதிப் புள்ளிகளை இழக்கும் பகுதி கிரகித்தலேயாகும். வினாவும் கண்முன் உளது. விடையும் கண்முன் உளது. மனனஞ் செய்யவேண்டியது யாதுமில்லை. அங்ஙனமாகவும் தவறுகள் மலிதற்குக் காரணம் ஒன்றே. பந்தியில் இருப்பதை எழுதாது, தம் மனத்தில் முன்னரே இருப்பதை எழுதிவிடுதல் மாணாக்கர் இயல்பு. பந்தி பழகிய பொருளைப் பற்றியதாயின் இக்குறை மறைந்து கிடக்கும். கரைவலை இழுத்தலைப் பற்றியோ, கோணேசர் கோயிலைப் பற்றியோ, கந்தளாய்க் குளத்தைப் பற்றியோ பந்தி அமையுமாயின், வாசியாமலே பாதி விடையை எழுதிவிடலாம். பழகாத பொருள் வந்துற்றபோதே வாசித்தவன் யார், வாசியாதவன் யார் என்பது வெளிப்படும்.

அத்தகைய பழகாத பொருள்களுள் ஒன்று அருவ ஓவியம். மரம், மனிதர், மாடு, மனை எனப் பெயரிட்டுச் சுட்டத்தக்க உருவங்களைக் காட்டாமல், கோடு, வடிவம், வர்ணம் என்பவற்றையே தன் பொருளாகக் கொண்டு அமைவதை அருவ ஓவியம் என்பர். சாம்பல்தீவு மாணாக்கர் சிலருக்கு நாம் மாலை வேளையில் மொழிப் பாடம் கற்பித்து வருகின்றோம். அருவ ஓவியர் ஒருவரின் படைப்புகளைப் பற்றிய பந்தியொன்றைப் பயிற்சிக்காக அவர்களுக்குக் கொடுத்தபோது, பெயர், ஆண்டு, ஊர் என்பன பற்றிய முதல் வினாக்களுக்கு எல்லாரும் விடை எழுதினர். அவ்வோவியரின் படம் பார்ப்போருக்கு உணர்த்துவது யாது என்னும் இறுதி வினாவிலோ, ஒருசாரார் பந்தியில் இல்லாத கதைகளைப் புனைந்தனர். மற்றொருசாரார் இடத்தை வெறுமையாக விட்டனர். வெறுமையாக விட்டோருள் வகுப்பிற் சிறந்தவரும் இருந்தனர். இவையெல்லாம் பட்டினத்தாருக்கும் பிறநாட்டாருக்கும் உரியவை, நமக்கு உரியவையல்ல என்னும் எண்ணமே அவர்தம் எழுதுகோலைத் தடுத்தது.

அவ்வெண்ணம் பிழையென்பதை எடுத்துக்காட்ட ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்க்கையைப் போல் ஏற்றது பிறிதொன்றில்லை எனக் கருதுகின்றோம். எழுத்துப்போலத் தோன்றியும் வாசிக்கப்படாத எழுத்துகளைத் தம் படங்களிலே நிரப்பியவர் அவர். வாசித்தல் என்பது யாது என்னும் வினாவை ஓவியத்தின் வாயிலாகவே எழுப்பியவர் அவர். நாம் வாழும் கரையை அலைக்கும் அதே வங்கக் கடலின் மறுகரையிலே வாழ்ந்து, அக்கரையிலேயே ஓவியர்களுக்கென ஓர் ஊரையும் உண்டாக்கியவர். ஆதலின் அவர் வரலாற்றை இவ்விழா மலரிலே சுருக்கிக் கூறி, அதிலிருந்து மாணாக்கர் கொள்ளத்தக்கதையும் காட்ட முற்படுகின்றோம்.

கோயம்புத்தூரிலே 1911 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள் பணிக்கர் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் மலையாள நாடு. பாரதப்புழை கடலோடு கலக்கும் பொன்னானியிலே அவர் பள்ளிப் படிப்பு நிகழ்ந்தது. தென்னஞ்சோலைகளும், கால்வாய்களும், அவற்றிலே மெல்லச் செல்லும் வள்ளங்களும், மழை கழுவிய பசுமையும் அவர் இளங்கண்களுக்கு நாள்தோறும் விருந்தாயின. ஏறக்குறைய 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிய அவர், 17 வயதளவிற் சென்னையில் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சியிலே தம் படங்களை வைக்கும் தகுதியும் பெற்றார். வழிகாட்டுவோர் இன்றித் தம் கண்ணையே ஆசிரியராகக் கொண்டு வளர்ந்தமையை இது காட்டும்.

எனினும் விரும்பிய வழியிலே நேராகச் செல்லும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தந்தையார் காலமானபோது குடும்பச் சுமை இளைஞர் தோளில் விழுந்தது. கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தி, தந்தித் திணைக்களத்திலும் காப்புறுதித் தொழிலிலும் ஈடுபட்டுப் பொருளீட்ட வேண்டியவரானார். ஓவியத்தைக் கைவிட்டார் என்று உலகம் முடிவு கட்டியிருக்கக்கூடிய காலம் அது. அவரோ தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1936 ஆம் ஆண்டில், 25 வயதினராய், சென்னை அரசினர் கலைப் பாடசாலையிலே மாணவராகச் சேர்ந்தார். உடன் பயின்றோர் பலர் தம்மினும் இளையராக இருந்திருப்பர் என்பதையோ, விட்டுவந்த சம்பளத்தையோ அவர் பொருட்படுத்தினாரல்லர்.

அப்பாடசாலை 1850 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹன்ரர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. இந்திய நாட்டின் கலைப் பாடசாலைகளுள் மிகப் பழையது அதுவே. பணிக்கர் சேர்ந்த காலத்தில் அதன் தலைவராக விளங்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரைக்குச் சென்றோர் யாவரும் கண்டுள்ள உழைப்பாளர் சிலையைச் சமைத்தவர் அவரே. ஆசிரியரின் கைத்திறனையும் கண்டிப்பையும் உடனிருந்து கண்ட பணிக்கர், 1940 இற் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டிலே அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். நீர்வர்ணத்திலே மலையாள நாட்டுக் காட்சிகளைத் தீட்டுவதில் அவருக்கு அக்காலத்திலேயே நற்பெயர் உண்டாயிற்று.

நற்பெயர் வந்தவுடன் அதிலேயே தங்கிவிடுதல் எளிது. விலைபோகும் படத்தையே மீண்டும் மீண்டும் வரைந்து வாழ்வோர் எந்நாட்டிலும் உளர். பணிக்கர் அங்ஙனம் தங்கினாரல்லர். 1944 இல் இளம் ஓவியர் சிலரை ஒன்றுசேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கம் என்னும் அமைப்பைச் சென்னையிலே நிறுவினார். அக்காலத்து நிலையை மாணாக்கர் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். நம் இலங்கைத் தீவிலே 1943 இற் கொழும்பிலே லயனல் வென்ற் முதலியோர் முயற்சியால் நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழு தோன்றியது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல போன்றோர் அதிற் பங்குகொண்டனர். அதே 1943 இற் கல்கத்தாவிலே ஓர் ஓவியர் குழு தோன்றியது. 1947 இற் பம்பாயிலும் ஒன்று தோன்றியது. கடலாலும் தொலைவாலும் பிரிந்திருந்த நகரங்களிலே சில ஆண்டுகளுக்குள் ஒரேவகை முயற்சி எழுந்தமை தற்செயலன்று. ஆட்சி மாறப்போகும் நாடுகளிலே வாழ்ந்த ஓவியர் யாவரும், நமது ஓவியம் எது என்னும் வினாவை ஒருங்கே எதிர்நோக்கினர். ஆங்கிலேயர் கற்பித்தவாறே வரைதல் அடிமைத்தனமாகத் தோன்றிற்று. பழங்கோயிற் சுவரோவியங்களைப் பார்த்துப் படியெடுத்தலோ இறந்தகாலத்திலே ஒளிந்துகொள்வதாகத் தோன்றிற்று. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி வேண்டியிருந்தது.

1954 ஆம் ஆண்டிலே பணிக்கர் ஐரோப்பாவுக்குச் சென்றார். இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளைக் கண்டார். இலண்டனிலும் பாரிசிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை பெரும்பாலும் நூல்களின் வாயிலாகவே அறிந்த மேனாட்டுப் புதிய ஓவியங்களை நேரிற் காணும் வாய்ப்பு அவருக்கு அப்போது கிடைத்தது. ஐரோப்பாவிலே அருவ ஓவியம் 1910 ஐ அண்டிய ஆண்டுகளில் எழுந்தது. சட்டம் பயின்று பின் ஓவியரான உருசியர் காந்தின்ஸ்கி, ஒல்லாந்தர் மொந்திரியன், வெண்புலத்திற் கருஞ்சதுரமொன்றை வரைந்து 1915 இற் காட்சிக்கு வைத்த மலேவிச் முதலியோர் அதன் முன்னோடிகள். பணிக்கர் அவ்வழியைக் கண்டு மகிழ்ந்தார். ஆயினும் அதை அவ்வாறே பின்பற்றினால் என்றும் பின்னே செல்பவராகவே இருக்க நேரும் என்பதையும் உணர்ந்தார். பிறர் கண்ட விடையைப் பார்த்தெழுதுவோன் பரீட்சையிலே தேறினும் பாடத்திலே தேறமாட்டான். இவ்வுண்மையைப் பேரோவியரொருவர் தம் 43 ஆம் வயதிலே உணர்ந்து, வந்த வழியை மாற்றத் துணிந்தார் என்பது இளைஞர் நெஞ்சிற் பதிக்கத்தக்கது.

நாடு திரும்பியபின் 1955 இற் கலைப் பாடசாலையின் துணை அதிபராகவும், 1957 இல் ராய் சௌத்ரிக்குப்பின் அதன் அதிபராகவும் பணிக்கர் பொறுப்பேற்றார். நிருவாகப் பணி ஓவியரை விழுங்கிவிடும் என்பர். அவர் வாழ்க்கையிலோ அதற்கு மாறாக அப்பத்து ஆண்டுகளே மிக வளமானவையாக அமைந்தன. 1961 இல் ஆர்ட்ரென்ட்ஸ் என்னும் கலை இதழைத் தொடங்கினார். தென்னாட்டுக் கோயிற் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், கிராமியக் கைவினைகள் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்குமாறு மாணவரைத் தூண்டினார். நம் முன்னோர் கலையின் உயிர் கோட்டிலே உளது என்பது அவர் கண்ட முடிவு. ஒளியும் நிழலும் காட்டி உருவத்தைத் திரளச் செய்தல் மேனாட்டு முறை. ஒற்றைக் கோட்டின் ஓட்டத்தாலே உருவத்திற்கு உயிரூட்டுதல் நம் முறை. சென்னையிலிருந்து எழுந்த ஓவியரும் சிற்பியரும் பலர் கோட்டிலே வல்லவராய் விளங்குதற்கு இவ்வறிவுரை பெரிதும் காரணமாயிற்று. தமிழ் நூல்களின் முகப்பெழுத்துகளாலும் காந்தியடிகளைப் பற்றிய கோட்டோவியங்களாலும் புகழ்பெற்று, பின்னாளில் அருவ ஓவியத்திலும் சிறந்த கே. எம். ஆதிமூலம் அக்காலத்தில் அங்குப் பயின்றவரே.

1963 ஆம் ஆண்டிலே பணிக்கர் தாம் தேடிய வழியைக் கண்டார். சொற்களும் குறியீடுகளும் என்று அவர் பெயரிட்ட ஓவிய வரிசை அவ்வாண்டிலே தொடங்கியது. முதலிற் கணிதக் குறிகளும், எண்களும், உரோம எழுத்துகளும் படப்பரப்பை நிரப்பின. மாணவன் ஒருவனுடைய கணிதக் கொப்பியின் பக்கத்தை விரித்துவைத்தாற்போல் அவை தோன்றும். சிறிது காலத்தின்பின் உரோம எழுத்தையும் அட்சரகணிதக் குறிகளையும் நீக்கி, தாம் குழந்தைமுதல் அறிந்த மலையாள எழுத்தின் வளைவுகளை மேற்கொண்டார். வரிசை வரிசையாக எழுத்துகள். இடையிடையே கட்டங்கள், முக்கோணங்கள், வட்டங்கள். மீன், பறவை, மனிதர் என்று ஊகிக்கத்தக்க சிறு உருவங்கள். சாதகக் குறிப்பையும், ஏட்டுச்சுவடியையும், மந்திரத் தகட்டையும் நினைவூட்டும் அமைப்பு. அவ்வெழுத்துகள் வாசிப்பதற்காக எழுதப்பட்டவையல்ல என்பதை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார். யாரேனும் வாசிக்க முயல்வாராயின் அம்முயற்சியைத் தடுக்கும்பொருட்டே குறியீடுகளை ஊடே புகுத்தினார் என்பதும் அவர் கூற்றிலிருந்து தெளிவாகின்றது.

இங்கே ஒரு தடை எழலாம். வாசிக்கக்கூடாத எழுத்தை ஏன் எழுதல் வேண்டும்? எழுத்தெனின் பொருள் வேண்டும். பொருளின்றேல் அது கிறுக்கலன்றோ? இத்தடை நியாயமானதே. இதற்கு விடையை நாம் தொலைவிலே தேடவேண்டியதில்லை. சாம்பல்தீவிலே ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தவுடன் சாதகம் எழுதுவிக்கின்றனர். பன்னிரண்டு வீடுகள் கொண்ட இராசிக் கட்டமும், அதில் அடைக்கப்பட்ட எழுத்துகளும், ஓரத்திலே நிரல்பட்ட எண்களும் கொண்ட அவ்வேட்டைப் பெற்றோர் வாசித்தறிய இயலாது. எனினும் அதனை வெற்றுக்காகிதம் என்று எவரும் எறிவதில்லை. பேழையில் வைத்துப் பேணுகின்றனர். பொருள் விளங்குமுன்னரே, இது பொருளுடையது, இது நம் பிள்ளையின் வாழ்வைப் பற்றியது என்னும் உணர்வு அவ்வரிகளின் தோற்றத்தாலேயே உண்டாகின்றது. திருகோணமலை வீதிகளில் மும்மொழிப் பெயர்ப்பலகைகளை நோக்கும் சிறுவன், தான் கல்லாத சிங்கள எழுத்தின் வட்டங்களையும் சுழிகளையும் காண்கின்றான். அவனுக்கு அவை ஒலியல்ல, வடிவம். அதே பலகையைச் சிங்களச் சிறுவன் நோக்கும்போது தமிழெழுத்து அவனுக்கு வடிவமாய் நிற்கின்றது. வாசிக்கத் தெரிந்தவுடன் எழுத்தின் வடிவம் நம் கண்ணிலிருந்து மறைந்து ஒலியும் பொருளுமே எஞ்சுகின்றன. மறைந்துபோன அவ்வடிவத்தை மீண்டும் நம் கண்முன் நிறுத்தியதே பணிக்கரின் அருஞ்செயல்.

பணிக்கரின் படங்கள் முற்றிலும் அருவமானவையோ என்பதும் ஆராயத்தக்கது. மொந்திரியனின் செங்கோணக் கட்டங்களைப் போல உலகத்துப் பொருள்களை அறவே நீக்கியவையல்ல அவை. மீன் தெரிகின்றது, பறவை தெரிகின்றது, எழுத்தும் உலகத்துப் பொருளே. ஆயினும் அம்மீன் கடலில் நீந்துவதைக் காட்டவில்லை. அப்பறவை கிளையில் இருப்பதைக் காட்டவில்லை. எழுத்துகளுக்கு நடுவே தாமும் ஓரெழுத்துப்போல அவை நிற்கின்றன. ஆகவே அருவம் என்னும் சொல்லை இவ்விடத்திற் சற்று விரித்தே பொருள்கொள்ளல் வேண்டும். சொல்லுக்கு அகராதிப் பொருள் ஒன்றிருப்பினும், பந்தியிலே அது நிற்கும் இடத்திற்கேற்பவே பொருள் கொள்ளவேண்டும் என்று மொழியாசிரியர் கற்பிப்பதும் இதுவே.

பணிக்கரின் பெருமை படங்களோடு முடியவில்லை. கலைப் பாடசாலையிலே ஐந்தாறு ஆண்டுகள் பயின்று வெளியேறும் இளைஞர் பலர், வயிற்றுப்பாட்டிற்காக வேறு தொழில்களிற் புகுந்து தூரிகையை மறந்துவிடுதலை அவர் கண்டார். தந்தித் திணைக்களத்தில் இருந்த தம் இளமைக் காலம் அவர் நினைவுக்கு வந்திருத்தல் கூடும். ஓவியரை ஓவியமே காப்பாற்றாதாயின், ஓவியரின் கைகளேனும் காப்பாற்றட்டும் என்று துணிந்தார். மாணவரும் நண்பரும் சேர்ந்து பற்றிக் துணிகள், தோல், உலோகம் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயிலிருந்து சேமித்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் என்னும் கடற்கரைக் கிராமத்திலே ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966 ஆம் ஆண்டிலே சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கே தோன்றியது. முற்பகுதியிற் கைவினை, எஞ்சிய பொழுதில் ஓவியமும் சிற்பமும் என்றவாறு அவர்கள் வாழ்ந்தனர். அரசின் மானியத்தையோ செல்வர் கொடையையோ முதலாகக் கொள்ளாது, தம் உழைப்பையே முதலாகக் கொண்டு எழுந்த அவ்வூர் இன்றும் நிலைத்துள்ளது. சென்னையில் வளர்ந்த ஓவிய இயக்கத்தின் படைப்புகளைக் காட்டும் அரும்பொருளகமும் அங்குள்ளது. மன்னார்க் கடலையோ கொட்டியாரக் குடாவையோ நம்பி வாழும் நம் மக்கள், கடலருகே குடிசையிட்டுக் கைத்தொழில் செய்து தம் கனவைக் காத்த அவ்வோவியரின் துணிவை நன்கு உணர்வர்.

1967 இல் அதிபர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றபின் பணிக்கர் அக்கிராமத்து வாழ்விலும் ஓவியத்திலுமே ஈடுபட்டார். சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசை அவர் இறுதிக் காலம்வரை வளர்ந்தது. 1976 இல் இந்திய லலித கலா அக்கடமி தன் உயர்ந்த மதிப்பாகிய உறுப்பினர் தகைமையை அவருக்கு அளித்தது. 1977 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, 65 ஆம் வயதிலே, சென்னையில் அவர் காலமானார். 1979 இல் திருவனந்தபுரத்திலே அவர் பெயரால் ஓவியக்கூடமொன்று திறக்கப்பெற்றது. அவர் மைந்தர் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பத்திலே புகழ்பெற்று 2017 வரை வாழ்ந்தார்.

இனி, இவ்வரலாற்றைக் கிரகித்தற் பந்தியாகக் கொண்டு வினாக்களை எதிர்கொள்ளும் முறையை மாணாக்கருக்குக் காட்டுவோம்.

பணிக்கர் எவ்வாண்டிலே கலைப் பாடசாலையிற் சேர்ந்தார் என்பது நேர்வினா. விடை பந்தியிலே ஓரிடத்தில் உளது. கண் அவ்விடத்தைத் தொடுதலே போதும். 1936 என்று எழுதி அமைக. அதனோடு அவர் பிறந்த ஆண்டையும் ஊரையும் சேர்த்தெழுதினால் மிகுதிப் புள்ளி கிடைப்பதில்லை, காலமே வீணாகும்.

சோழமண்டலம் தோன்றியது ஏன் என்பது காரண வினா. இங்கே அவ்வூர் எங்குள்ளது, எத்தனை ஏக்கர் என்று எழுதுதல் பிழை. எங்கே என்னும் வினாவுக்குரிய விடையை ஏன் என்னும் வினாவுக்குக் கொடுத்தோர் பலரை நாம் கண்டுள்ளோம். கலை பயின்ற இளைஞர் பிழைப்பிற்காகக் கலையைக் கைவிட்டமையே காரணம். அதனைத் தடுத்தலே நோக்கம். காரணத்தையும் நோக்கத்தையும் பிரித்தறிந்து எழுதுவோன் தெளிவுடையோன்.

உரோம எழுத்தை விட்டு மலையாள எழுத்தை மேற்கொண்டமையிலிருந்து அறியக்கிடப்பது யாது என்பது ஊக வினா. விடை எவ்விடத்திலும் வெளிப்படையாக இல்லை. எனினும் அதற்குரிய சான்று பந்தியில் உளது. ஐரோப்பா சென்று திரும்பியபின் பிறரைப் பின்பற்றாத வழியை அவர் தேடினார் என்று முன்னர் வாசித்தோம். அதனோடு இதனைச் சேர்த்தால், தம் மண்ணுக்குரிய வடிவத்தை நாடினார் என்பது பெறப்படும். இரண்டிடங்களைச் சேர்த்துக் கூறும் விடையே ஊக வினாவுக்குரிய விடை. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து எடுப்பது ஊகமன்று, கற்பனை.

இனி மாணாக்கரை அஞ்சச்செய்த இறுதி வினாவுக்கு வருவோம். இவ்வோவியரின் படங்கள் பார்ப்போருக்கு உணர்த்துவது யாது? இவ்வினா ஒரே விடையை எதிர்பார்ப்பதன்று; ஆயினும் எவ்விடையையும் ஏற்பதுமன்று. இதற்கு மூன்று படிகள் உள. முதலாவது, படத்திற் காண்பதைக் கூறுக: எழுத்து வரிசைகள், கட்டங்கள், சிறு உருவங்கள். இரண்டாவது, பந்தி கூறும் ஓவியர் நோக்கத்தைக் குறிப்பிடுக: எழுத்துகள் வாசித்தற்கு அமைந்தவையல்ல. மூன்றாவது, இவ்விரண்டிலிருந்தும் நீ கொள்ளும் முடிவைக் காரணத்தோடு எழுதுக. ஒருவன், பழஞ்சுவடியைக் காணும்போது எழும் மதிப்புணர்வை இப்படங்கள் எழுப்புகின்றன என்று எழுதலாம். மற்றொருத்தி, அறியாத மொழியின் முன் நிற்கும் குழந்தையின் வியப்பை இவை தருகின்றன என்று எழுதலாம். வேறொருவன், விளங்காமையே தனக்கு எரிச்சலூட்டுகின்றது, ஓவியர் பார்ப்போரை வேண்டுமென்றே தடுத்து நிறுத்துகின்றார் என்றும் எழுதலாம். மூவரும் படத்தையும் பந்தியையும் ஆதாரமாகக் கொண்டமையால் மூவரும் புள்ளிக்கு உரியர். அவ்வெழுத்துகள் இராமாயணக் கதையைக் கூறுகின்றன என்று எழுதுவோன் எத்துணை அழகிய தமிழில் எழுதினும் தவறியவனே. பந்தியே அதனை மறுத்து நிற்கின்றது.

விளங்கவில்லை என்று கருதி இடத்தை வெறுமையாக விடுதலோ இவையனைத்தினும் பெரிய பிழை. விளங்காதது எது, ஏன் விளங்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவன் பாதி விளங்கியவனே.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மாணாக்கர் கண்டறியாத படத்தைப் பற்றிய பந்தியைக் கொடுத்து, படத்தின் பொருள் யாது என்று ஒற்றை விடையை எதிர்நோக்குதல் நேர்மையாகாது. இயலுமாயிற் படத்தையும் பந்தியோடு தருக. இயலாதாயின், படத்தைப் பற்றிப் பந்தி கூறுவதிலிருந்து விடையளிக்கத்தக்க வினாவையே தருக. விடைத்தாளிலே தம் விடைக்கு மாறான கருத்தைக் காணும்போது, அதற்குப் பந்தியிற் சான்றுண்டா என்று ஒருமுறை தேடியபின்னரே சிவப்பு மையைத் தொடுக. சான்றுள்ள புதிய விடையைத் தவறென்று வெட்டும் ஆசிரியர், அடுத்த வினாத்தாளில் ஒரு வெறுமையான இடத்தைத் தாமே உண்டாக்குகின்றார்.

பழைய மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். சாம்பல்தீவு, நிலாவெளி, மூதூர், கிண்ணியா ஆகிய இடங்களிற் பிறந்த பிள்ளையொன்று நாற்பத்துமூன்றாம் ஆண்டுக் குழுவினரின் படங்களை நேரிற் காண விரும்பினால், ஏறக்குறைய 260 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்குச் சென்று சப்புமல் மன்றத்தின் இல்லத்தைத் தேடிச்செல்லல் வேண்டும். பணிக்கரின் படங்களைக் காணக் கடலையே கடத்தல் வேண்டும். கல்லூரியால் வளம்பெற்ற நாம், நல்ல ஓவியநூல்கள் சிலவற்றையும் தெளிவான படப்பிரதிகள் சிலவற்றையும் நூலகத்திற்கு அளிப்போமாயின், அத்தொலைவு ஒரு மேசையின் அகலமாகக் குறுகிவிடும். மண்டபங்களுக்கும் மதில்களுக்கும் கொடுக்கும் கைகள் இதற்கும் சிறிது கொடுத்தல் தகும்.

வேலைக்குச் சென்ற இளைஞர் 25 வயதிலே மீண்டும் மாணவரானார். புகழ்பெற்ற ஆசிரியர் 43 வயதிலே தம் வழியை ஐயுற்றார். அதிபர் 52 வயதிலே புதிய எழுத்தைக் கற்கும் குழந்தைபோலத் தொடங்கினார். பணிக்கரின் வாழ்க்கை முழுவதும் விளங்காததன் முன் அஞ்சாது அமர்ந்திருந்த வாழ்க்கை. நம் மாணாக்கர் பரீட்சை மண்டபத்திலே பழகாத பந்தியொன்றை எதிர்கொள்ளும்போது, அதனை ஒருமுறைக்கு இருமுறை அமைதியாக வாசித்து, கண்டதைக் கண்டவாறு எழுதத் துணிவாராக. அத்துணிவு பரீட்சைக்கு மட்டுமன்றி, அவர்தம் வாழ்நாள் முழுமைக்கும் உதவும்.